மஞ்சள் என்றால் அகற்ற வேண்டியது

செருப்பைக் கழற்ற வேண்டாம். இது கோயில் அன்று.

கழற்றிவிட்டீர்களா? சரி, அந்த வரிசையிலேயே விடுங்கள். வழியில் விட்டால் எடுத்துத் தெருவில் எறிந்துவிடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் இது கோயில் அன்று. என் வீட்டு முன்தோட்டம். புயலில் விழுந்த வேப்பமரம் ஒன்று அங்கே கிடக்கிறது. அதை அகற்ற வேண்டியவர்கள் ஒருவர்பின் ஒருவராக என்னை ஏமாற்றியதால் கிடக்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.

காலை நேரம் முடிந்துவிட்டது. இனி மாலையில்தான். பையில் என்ன வைத்திருக்கிறீர்கள், எலுமிச்சையா, கற்பூரமா? கற்பூரமாக இருந்தால் வெளியே எடுக்காதீர்கள். மரத்தருகே அதற்கு அனுமதி இல்லை. வந்ததற்கு இப்படி நாற்காலியில் உட்காருங்கள். வெளியூர் என்று முகத்திலேயே தெரிகிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே நடந்தது என்ன என்று நானே சொல்லிவிடுவது வழக்கம். இல்லாவிட்டால் வாசலில் அஞ்சலை சொல்வதைக் கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்.

என்ன? பொறுங்கள், நீங்கள் யார் என்பதைப் பிறகு சொல்லலாம். எனக்கும் அவகாசம் இருக்கிறது. பத்து மணிக்கு மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவர் வருவதாக என் மகன் பெங்களூரிலிருந்தே ஏற்பாடு செய்திருக்கிறான். இவர் நான்காமவர். வர மாட்டார். இன்று போகிப் பண்டிகை. காரணத்துக்குக்கூட அலைய வேண்டியதில்லை அவருக்கு.

நான் கல்லூரியில் தாவரவியல் பயிற்றுவித்தவள். பெண்கள் கல்லூரி. 'ஆண்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை என்று இவ்வுலகில் ஒன்று இல்லை' என்பது ஆண்டுதோறும் முதல் வகுப்பில் நான் சொல்லும் முதல் வாக்கியம். என் தந்தையார் ஐயர் இல்லாமல், அம்மி இல்லாமல், ஒரு மேடையில் நின்று திருமணம் செய்துகொண்டவர். இந்த வீட்டில் நாட்காட்டியில்கூடச் சாமி படம் தொங்கியதில்லை. கடைக்காரர் படம் போட்டதைக் கொடுத்தால், படத்தைக் கிழித்துவிட்டுத் தேதியை மட்டும் ஆணியில் மாட்டுவோம். கடலூரில் இது யாருக்கும் தெரியாத செய்தி அன்று. இதை ஏன் சொல்கிறேன் என்பது உங்களுக்குப் பிறகு விளங்கும்.

கார்த்திகையில் அடித்த புயல் உங்கள் ஊருக்கும் வந்திருக்கும். இங்கே இரண்டு தென்னை, ஒரு முருங்கை, இந்த வேம்பு. தென்னையும் முருங்கையும் ஓரமாக விழுந்தன. வேம்பு மட்டும் வாசற்கதவுக்கும் வீட்டுப் படிக்கும் நடுவில் குறுக்காகப் படுத்துவிட்டது. பாதி வேர் மண்ணில், பாதி வேர் ஆகாயத்தில். நட்டவர் என் கணவர். அவர் போய் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. மரம் விழுந்தபோது அழுதீர்களா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். மரம் என்றால் விழும். மனிதரும் விழுவார். விழுந்ததை அப்புறப்படுத்துவதுதான் நாம் செய்ய வேண்டியது.

என் மகன் செழியன் தொலைபேசியில் பதறினான். "ராத்திரியில உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா ஆம்புலன்ஸ் எப்படிம்மா உள்ள வரும்? மரத்த எகிறிக் குதிச்சா?"

'ஏதாவது ஒன்று' என்பது எந்த நோயின் பெயர் என்று கேட்டேன்.

"வெளையாடாதீங்க. வயசாகுது. ஒரு தோட்டத்த ஒத்தையில பார்த்துக்க முடியல. பேசாம இங்க வந்துடுங்க."

முடியவில்லை என்று அதுவரை என்னை நோக்கி யாரும் சொன்னதில்லை, நான் பெற்றவன் உட்பட. அப்போது ஒரு வார்த்தை சொன்னேன். "பொங்கலுக்கு நீ வரும்போது அந்த மரம் அங்கே கிடந்தால், நானே பெட்டியை எடுத்துக்கொண்டு உன் காரில் ஏறுகிறேன். கிடக்கவில்லை என்றால் இந்தப் பேச்சை இனி எடுக்கக்கூடாது." சரி என்றான். உடனே சரி என்றான், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாளே எனக்கு ஒதுக்கியிருக்கும் அறையின் படம் வந்தது. பன்னிரண்டாவது மாடி. சன்னலோரம் ஒரு தொட்டி, அதில் ஒரு செடி. உற்றுப் பார்த்தேன். பிளாஸ்டிக். தாவரவியல் படித்தவளுக்குப் பிளாஸ்டிக் செடி. அன்போடு வாங்கி வைத்திருக்கிறான், என்ன சொல்வது?

இன்று மதியம் வருகிறான். ஓசூர் தாண்டிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறான்.

ஆகவே என் வழக்கு என்ன என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒரு மரம். அதை வெட்டி எடுக்க ஒருவர். இவ்வளவுதான் நான் கேட்டது.

முதலில் வந்தவர் பெயர் சம்பந்தம். செடிப் பண்ணை வைத்திருக்கிறார். புயலுக்குப் பின் தோட்டங்களைச் சீரமைத்துத் தருவதாகச் சுவரொட்டி ஒட்டியிருந்தார். குறையாகச் சொல்லக்கூடாது, முதல் நாள் ஆட்களோடு வந்தார். தென்னையைத் துண்டு போட்டார்கள். முருங்கையை எடுத்தார்கள். கூடவே, நன்றாக நின்றுகொண்டிருந்த என் கறிவேப்பிலையையும் வெட்டிவிட்டார்கள்.

"இதை யார் வெட்டச் சொன்னது?"

"அதுவும் சாஞ்ச மாதிரி இருந்துச்சி மேடம்."

"நீங்களும்தான் சற்றுச் சாய்ந்து நிற்கிறீர்கள், சம்பந்தம்."

சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. வேம்புக்குப் பக்கத்தில் ஒரு பூவரசு இருக்கிறது, பார்த்தீர்களா, கொஞ்சம் தள்ளாடினாற்போல். அது பிழைக்கும். இவர்களை நம்பி விட்டால் அதையும் சாய்ந்த மாதிரி என்று சாய்த்துவிடுவார்கள். அதனால் மறுநாள் வேலை தொடங்குவதற்கு முன் அடையாளம் செய்துவைக்க முடிவு செய்தேன்.

களப்பணியில் நாங்கள் கடைப்பிடித்த முறை ஒன்று உண்டு. வெள்ளைத் துணி கட்டினால் அந்த மரம் இருக்க வேண்டியது. மஞ்சள் என்றால் அகற்ற வேண்டியது. மஞ்சள் தொலைவிலிருந்தே கண்ணில் படும். இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. அதிகாலையில் எழுந்தேன். குளித்தேன். அடிமரத்தில் சேறு அப்பியிருந்தது. சேற்றின்மேல் பெயிண்ட் ஒட்டாது. ஆகவே ஒரு குடம் தண்ணீரை மரத்தின்மேல் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். ஈரத்தலையோடுதான். என் வயதில் தலை காய நேரமாகும். பழைய மஞ்சள் புடவை ஒன்றைக் கிழித்து அடிமரத்தைச் சுற்றிக் கட்டினேன். ரம்பம் எங்கே இறங்க வேண்டும் என்பதற்குச் சிவப்புப் பெயிண்டில் வட்டப் புள்ளிகள் வைத்தேன். நடுவில் உள்ளதைச் சற்றுப் பெரியதாக வைத்தேன், அதுதான் முதல் வெட்டு. பூவரசுக்கு வெள்ளைத் துணி.

அன்று வெள்ளிக்கிழமை என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு எல்லாக் கிழமையும் கிழமைதான்.

ஏன் கைகூப்புகிறீர்கள்? நான் ரம்பத்துக்காகக் கட்டிய துணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எட்டு மணிக்குச் சம்பந்தத்தின் ஆட்கள் வந்தார்கள். முந்தின நாள் வந்த அதே ஆட்கள், அதே ரம்பம். வாசற்கதவோடு நின்றுவிட்டார்கள். மரத்தைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்த்து இரு கைகளையும் உயர்த்திக் கும்பிட்டார்கள். கறிவேப்பிலை விஷயத்தில் நான் கண்டித்தது வேலை செய்திருக்கிறது, ஒழுக்கம் வந்துவிட்டது என்று எண்ணினேன். நானும் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன். காபி கொண்டுவர உள்ளே போனேன். திரும்பி வந்தால் ஒருவரும் இல்லை.

தொலைபேசியில் சம்பந்தம் சொன்னார்: "மெஷின் ரிப்பேரு மேடம்."

"என்ன பழுது?"

"மெஷின்லதான் மேடம் பழுது."

மறுநாள் கேட்டேன், ஆபரேட்டரின் மாமியார் இறந்துவிட்டார். அதற்கு மறுநாள், வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. அதன்பின் மறுபடியும் இயந்திரம் பழுது. ஒரு வாரம் இப்படியே. இவர்கள் தொழிலில் 'ரிப்பேர்' என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் எவரும் எதுவும் கேட்கக்கூடாது போலும். முன்பணமாவது வாங்கியிருந்தால் மோசடிக்காரர் என்று சொல்லித் தொலைக்கலாம். அதையும் வாங்கவில்லை. அப்படியென்றால் என்ன பெயரிட்டு அழைப்பது இவரை?

மணி என்ன இப்போது? பத்தைத் தாண்டிவிட்டது. பார்த்தீர்களா, நான் சொன்னேன்.

இரண்டாமவர் ஆரோக்கியம். இவர் பெரிய ஆள். வழவழப்பான விளம்பரத் தாளில் புல்வெளி, செயற்கை அருவி, வண்ண விளக்கு எல்லாம் அச்சிட்டிருந்தார். தெருவில் காரை நிறுத்திவிட்டு, மதில்சுவருக்கு வெளியிலிருந்தே கையை நீட்டி நீட்டி என் தோட்டத்தை வடிவமைக்கத் தொடங்கிவிட்டார்.

"மேடம், இந்தப் பக்கம் ஃபுல்லா கொரியன் கிராஸ். அந்த மூலையில ஒரு புத்தர் தல வெச்சோம்னு வைங்க, கெத்தா இருக்கும்."

"உடல் எங்கே?"

"எதுக்கு மேடம்?"

"புத்தருக்கு."

"தல மட்டுந்தான் மேடம் இப்ப எல்லாரும் வெக்கிறாங்க."

புத்தருக்கு உடல் கிடைக்கும்வரை காத்திருக்கலாம், முதலில் இந்த மரத்தை எடுங்கள் என்று உள்ளே அழைத்து வந்தேன். மரத்தைக் கண்டதும் பேச்சு நின்றது. அதுவரை அருவியாகக் கொட்டிய மனிதர். நெற்றியை, மார்பை, இரண்டு தோள்களையும் விரலால் துடைத்துக்கொண்டார். மார்கழிக் குளிரில் ஒருவருக்கு அப்படி வியர்க்குமா? உடல்நலம் சரியில்லை என்றே நினைத்தேன். "நாளைக்கு விடியக்காலம் வண்டி நிக்கும் மேடம்" என்றார். விடிந்தது. வண்டி நிற்கவில்லை. கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நான் விடவில்லை, ஆட்டோ பிடித்து அவர் கடைக்கே போனேன். குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். அந்த உயரத்துக்கு ஒரு மனிதர் குரோட்டன்ஸுக்குப் பின்னால் ஒளிய முடியாது என்பது அவருக்கே தெரிய வேண்டாமா?

"ஆரோக்கியம், நான் உங்களைப் பார்க்கிறேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்," என்றார், எழுந்திருக்காமலே. "பசங்கதான் மாட்டேங்கிறானுங்க. எங்க வூட்லயும் வேணாங்கிறாங்க."

"உங்கள் மனைவிக்கும் என் மரத்துக்கும் என்ன தொடர்பு?"

செடிக்குள் இருந்து ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது.

மூன்றாமவர் நிஜாமுதீன் பாய். வயதானவர், நாணயமானவர் என்று பக்கத்து வீட்டார் பரிந்துரைத்தார்கள். வந்தார். பார்த்தார். "டீச்சரம்மா, வேலி கட்டணுமா, கட்டித் தர்றேன். மண்ணு அடிக்கணுமா, அடிக்கிறேன். இது மட்டும் இப்ப வேணாம். பேத்திக்கு அம்மை வாத்திருக்கு" என்றார். குழந்தைக்கு நோய் என்றால் நான் இரக்கமற்றவள் அல்லேன். குணமாகட்டும் என்று காத்திருந்தேன். குணமாயிற்று. அவரே நேரில் வந்து சொல்லி, இரண்டு கொத்து வேப்பிலையும் பறித்துக்கொண்டு போனார். சரி, இனி வெட்டலாமே என்றேன். மருமகள் முழுகாமல் இருக்கிறாளாம். இப்படிப் பார்த்தால் ஒரு குடும்பத்தில் யாராவது ஒருவருக்கு எப்போதும் ஏதாவது இருந்துகொண்டேதான் இருக்கும். உலகத்தில் ஒரு மரத்தையும் வெட்ட முடியாது.

இடையில் அஞ்சலையின் வேலை. தெருவில் மீன் விற்கிறவள். ஒரு நாள் விடியற்காலையில் கதவைத் திறக்கிறேன், மரத்தடியில் அகல் எரிகிறது. பெரிய புள்ளிக்கு நேர் கீழே ஓர் எலுமிச்சம்பழம். மீன்கூடையை எனக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு இவள் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"என்ன செய்கிறாய்?"

"நீ செஞ்சததான் காலேஜம்மா நானும் செய்யிறேன். அன்னிக்கு வெள்ளிக்கெழம, தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு, ஈரத்துணியோட ஆத்தாளுக்குக் கொடம் ஊத்தனியே, நான் பார்த்தனே. சீல சாத்தனியே. பொட்டு வெச்சியே."

"அது பெயிண்ட்."

"எதா இருந்தா என்னா. செவப்புதான."

"அது வெட்டுவதற்கான அடையாளம், அஞ்சலை."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சாமியே இல்லன்னு சொல்ற வூட்லதான் வந்து எறங்குவேன்னு ஒத்தக் கால்ல நின்னு வந்துட்டா பாரு. வெக்கப்படாத. எல்லாருக்கும் வர்றதுதான்."

எல்லோருக்கும் வருவதுதானாம். தடுமன், காய்ச்சல் போல.

அதன்பிறகு நான் கனவு கண்டதாக ஒரு கதை. ஆத்தாள் கனவில் வந்து, எனக்குச் சேலை கொடு என்று கேட்டாளாம், நான் அலறியடித்துக்கொண்டு எழுந்தேனாம். நீங்களும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். இல்லையா? நல்லது. நான் படுத்தால் உறங்குகிறவள். கனவு காண்பதில்லை. இந்த ஊர்க்காரர்கள் மரத்தில் மஞ்சள் துணி கண்டால் என்ன நினைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் என் வீட்டில், என் தந்தையார் பெயர் பொறித்த கதவுக்குள், அப்படி நினைக்க ஒருவருக்குத் துணிவு வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

அந்தத் துணியை அவிழ்த்துவிடலாமே என்று செழியனும் கேட்டான். அவிழ்த்துவிட்டால், வருகிற ஒப்பந்தக்காரருக்கு எந்த மரம் என்று எப்படித் தெரியும்? ஒருமுறை கத்தரிக்கோலோடு போனேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அங்கே ஒரு பெண் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கட்டுன கையாலயே அவுக்கலாமாம்மா?" என்றாள். அவள் கேட்டதற்காக அன்று, குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது, அதனால் திரும்பிவிட்டேன். இப்போது என் துணியின்மேல் எத்தனையோ துணி ஏறிவிட்டது. என்னுடையது எது என்று எனக்கே தெரியவில்லை.

கூட்டம் வந்தால் ஒழுங்கு வேண்டும். ஒழுங்கை வேறு யார் செய்வார்கள்? எண்ணெய் மண்ணில் சிந்தினால் எறும்பு வரும். ஆகவே ஒரு தகரத் தட்டு வைத்தேன். உப்பும் மிளகும் கொட்டினார்கள்; உப்பு மண்ணைக் கெடுக்கும் என்று சொல்லி ஒரு மண்சட்டி வைத்தேன். கோழி கூடவே கூடாது. காலையில் ஒரு நேரம், மாலையில் ஒரு நேரம். மழையில் அடிமரம் ஊறக்கூடாது என்று நான்கு கழி நட்டு மேலே தகரம் போட்டேன். நனைந்த மரத்தை விறகுக்குக்கூட எடுக்க மாட்டார்கள், அதற்காக. வேப்பிலையை வேண்டுமானால் கொண்டு போகலாம், ஆனால் தலையணைக்கடியில் வைக்கக்கூடாது, கொதிக்க வைத்துக் குளிக்க வேண்டும், என்ன அளவு என்பதை நானே சொல்லி, நானே கையில் கொடுக்கிறேன். வரிசையில் வந்து வாங்கிக்கொள்வார்கள். சிலர் என் காலில் விழ வருகிறார்கள். அதைக் கண்டிப்பாகத் தடுத்துவிட்டேன். பெரும்பாலும் தடுத்துவிட்டேன்.

சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. நிற்கிற நேரத்தில் களை பிடுங்கு என்றேன். பிடுங்கினார்கள். பார்த்தீனியம் ஒன்றுகூட இல்லை, நீங்களே பாருங்கள். சாய்ந்து கிடந்த செம்பருத்தி வேலியை நிமிர்த்திக் கட்டினார்கள். பாத்தி கொத்தினார்கள். ஆரோக்கியம் விளம்பரத் தாளில் காட்டிய புல்வெளி என்ன, இதைவிடவா? ஆனால் ஒன்றை என்னைக் கேட்காமல் செய்துவிட்டார்கள். மரத்தைச் சுற்றி வர இடம் வேண்டும் என்று, சம்பந்தம் குவித்துவிட்டுப் போன தென்னங்குப்பையெல்லாம் அள்ளி, கிளைகளை ஒடிக்காமல் கயிறு போட்டுத் தூக்கிக் கட்டி, சுற்றிலும் மணல் பரப்பி அகலமாக ஒரு வழி போட்டுவிட்டார்கள். போன வாரம் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை இறக்குவதற்கு ஆட்டோவே என் படிக்கட்டு வரை வந்தது. ஓட்டுநரைக் கண்டித்தேன். "ஆத்தா வழி வுட்டிருக்கா, நீங்க ஏன் கோச்சிக்கிறீங்க?" என்கிறார்.

தளிர்விட்டிருப்பதைப் பார்த்தீர்களா? அந்தப் பெரிய புள்ளிக்குப் பக்கத்தில், செம்பு நிறத்தில். அதற்கும் ஒரு கும்பிடு. பாதி வேர் மண்ணில் இருக்கிறது, பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன, விழுந்த அதிர்ச்சியில் அவை விழித்துக்கொள்ளும். இதை அஞ்சலையிடம் படம் வரைந்து விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அதத்தான் நாங்களும் சொல்றோம்" என்றாள்.

இப்படியாக எல்லோரும் சேர்ந்து என்னைத் தோற்கடித்துவிட்டார்கள். மூன்று ஒப்பந்தக்காரர்கள். ஒருவராவது சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தால், இன்று மதியம் என் மகன் முன்னால் நான் நிமிர்ந்து நிற்பேன். அந்த நான்காமவர் மட்டும் இப்போது வந்து, ரம்பத்தை எடுத்து...

என்ன அது? பையிலிருந்து என்ன எடுக்கிறீர்கள்?

அளவு நாடாவா? எதற்கு?

யார், நீங்களா?

பத்து மணிக்கு முன்பே வந்துவிட்டீர்களா. முதலிலேயே சொல்லியிருக்கலாமே. சொன்னீர்களா? எப்போது சொன்னீர்கள்? சரி. சொன்னீர்கள். கொளஞ்சி என்பது உங்கள் பெயரா? செழியன் ஒப்பந்தக்காரர் என்றுதான் சொன்னான், பெண் என்று சொல்லவில்லை. நான் மீசையோடு ஒருவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்... இல்லை, எதிர்பார்க்கவில்லை. வெறுமனே சொன்னேன்.

உங்களுக்கு இதில் அச்சம் இல்லையா? நீங்களும்தானே செருப்பைக் கழற்றினீர்கள், கைகூப்பினீர்கள்?

"கும்புட்டுக்கினு, மன்னிச்சிக்க ஆத்தான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வெட்டிடுவம்மா. பொழப்பு இதான."

நன்று. நேர்மையான பதில். வண்டி தெருமுனையில் நிற்கிறதா. ஆட்களும் வந்துவிட்டார்களா. மதியத்துக்குள் முடிந்துவிடும் என்கிறீர்கள். சுத்தமாகவா? வேரோடா?

ரம்பம் ஓடுகிறதா? ஓடுகிறது. உம்.

உட்காருங்கள், உட்காருங்கள். உடனே என்றால் உடனேயா? எதற்கும் ஒரு முறை வேண்டாமா? இன்று போகி. பழையதைக் கழிக்கும் நாள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பழையதா? தளிர்விட்டிருக்கிறது, நீங்களும் பார்த்தீர்கள். விழுந்த வேம்பு படுத்த நிலையில் எப்படி வளர்கிறது என்பதை ஒரு பருவமாவது கவனித்துக் குறிப்பெடுப்பது என் துறை சார்ந்த கடமை. அறிவியல் காரணம், வேறு ஒன்றும் இல்லை. அது போக, மாலையில் வருகிறவர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாமா? நிஜாமுதீன் பாயின் மருமகளுக்கு இது ஏழாம் மாதம். பொன்னி என்று ஒரு பெண், தேர்வு எழுதப்போகிறாள், மாலையில் இங்கே விளக்கடியில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். கணக்கில் தவறு செய்கிறாள், நான்தான் திருத்துகிறேன். அவர்கள் வந்து வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதா?

மகனிடம் சொன்ன வார்த்தையா? நான் என்ன சொன்னேன்? மரம் வழியை மறித்துக் கிடந்தால் என்றுதானே சொன்னேன். அப்படியே சொல்லியிருக்காவிட்டாலும் பொருள் அதுதான். வழி மறித்தா கிடக்கிறது? ஆட்டோ வருகிறது. ஆட்டோ வந்தால் ஆம்புலன்ஸ் வரும். அதற்குமேலும் வழக்காடுவானானால் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் என்னைக் காரில் ஏற்றிப் பார்க்கட்டும். ஏற்றவிடுவார்களா என்று வாசலில் அஞ்சலையைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நீங்கள் நாளைக்கு... நாளை பொங்கல். மறுநாள் மாட்டுப்பொங்கல். தை கழியட்டும், பிறகு பார்ப்போம். நான் சொல்லி அனுப்புகிறேன். செழியன் உங்களிடம் தொலைபேசியில் கேட்பான். இயந்திரம் பழுது என்று சொல்லிவிடுங்கள். என்ன பழுது என்று கேட்டால், இயந்திரத்தில்தான் பழுது என்று சொல்லுங்கள். அதற்குமேல் எவராலும் கேட்க முடியாது. எனக்குத் தெரியும்.

வந்ததற்குப் பார்த்துவிட்டுப் போகிறீர்களா? போய்ப் பாருங்கள். வேண்டாம், செருப்பைப் போடாதீர்கள். இந்தப் பக்கமாக, வெறுங்காலோடு போங்கள். அஞ்சலை காலையில்தான் சாணம் தெளித்து மெழுகினாள், ஈரம் காயவில்லை.

வேறு காரணம் எதுவும் இல்லை.